நாமக்கல் மலையடிவாரம்: கால்நடையாய்க் கற்கும் பாடம்

புறநானூற்றில் அதியமான் நெடுமான் அஞ்சியைப் பயில்கின்றோம், தேர்வெழுதியதும் மறந்துவிடுகின்றோம். அவன் குடிப்பெயர் பல நூற்றாண்டுகளுக்குப் பின்னும் கல்லில் நிலைபெற்ற இடம், சேலத்திலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. நாமக்கல்லின் கோட்டைப் பகுதியே அது. ஒருநாள் காலையில் அதனை நடந்தே சுற்றி வருதல் தமிழ் மாணவர்க்குச் சிறந்ததொரு பாடமாகும்.

நகரின் நடுவே இருநூறு அடிக்குமேல் உயர்ந்து நிற்கும் ஒற்றைப் பாறையே இம்மலை. ஊரின் பழம்பெயர் ஆரைக்கல் என்பர். 'ஆரை' என்னும் சொல்லுக்கு நீர்க்கீரை, மதில் என இரு பொருள்கள் உண்டு. அடிவாரத்தில் கமலாலயக் குளமும் உச்சியில் கோட்டை மதிலும் காணும் மாணவர், சொல்லாராய்ச்சியின் சுவையை அங்கேயே உணர்வர்.

முதலில் மேற்குப் பக்கம் செல்க. அங்குள்ளது நரசிம்மர் குடைவரை. வராகம், திரிவிக்கிரமம் முதலிய சிற்பங்கள் பாறையிலேயே செதுக்கப்பட்டுள்ளன. எதிரே கூரையின்றி நிற்கும் ஆஞ்சநேயர் சிலையின் உயரம் 18 அடி. பின் மலையைச் சுற்றிக் கிழக்கே வருக. அரங்கநாதர் பள்ளிகொண்ட குடைவரையின் கிரந்தக் கல்வெட்டு, அதனை 'அதியேந்திர விஷ்ணுகிருகம்' எனக் குறிக்கின்றது. கி.பி. 8ஆம் நூற்றாண்டு அதிய மரபினன் குணசீலன் காலத்தது அது. ஏட்டிற் கண்ட குடிப்பெயரைக் கல்லில் காணும் நொடியில் இலக்கியமும் வரலாறும் கைகோக்கின்றன.

இனிப் படியேறுக. உச்சிக் கோட்டையை இராமச்சந்திர நாயக்கர் கட்டினார் என்பது வழக்கு. 1768இல் ஆங்கிலேயர் இதனைக் கைப்பற்றினர். அவ்வாண்டிலேயே ஐதர் அலி மீட்டார். 1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் இப்பகுதி ஆங்கிலேயர் வசமாயிற்று. மேலே பெருமாள் கோயிலும் இசுலாமியர் வழிபாட்டிடமும் ஒரே மதிலுக்குள் அமைந்துள்ளன. பல காலத்தவர், பல சமயத்தவர் ஆகியோரின் சுவடுகளை ஒருங்கே தாங்கும் இப்பாறை, நம் அனைவர்க்கும் உரிய பொதுச்சொத்து.

ஆயினும் பழஞ்சுவர்களில் தம் பெயரைக் கீறிச் செல்வோர் உளர். ஓரெழுத்துச் சிதைந்தாலும் கல்வெட்டின் பொருள் மாறிவிடும். அச்சேறிய நூலுக்கு மறுபதிப்பு உண்டு, கல்வெட்டுக்கு இல்லை. ஆதலின் மாணவர்களே, குறிப்பேட்டுடன் செல்லுங்கள், கண்டதை எழுதுங்கள், கேட்டதைக் 'கேட்டது' என்றே குறியுங்கள். அங்கே நம் பெயரைப் பொறிப்பதினும் முன்னோர் பெயரைப் படித்தறிவதே நமக்குப் பெருமை.