மூஸ் வேட்டைக்கு எந்தக் குண்டு?

கேள்வி: நோர்வேயில் வேட்டைக்காரர் சோதனையில் சித்தியடைந்துவிட்டேன். என்னிடம் இருப்பது 6.5×55 துவக்கு. இந்த இலையுதிர்காலத்தில் மூஸ் வேட்டைக்குழு ஒன்றில் சேர்கிறேன். கடையில் 'பாண்டட்' என்று போட்ட தோட்டாக்கள் எல்லாம் விலை கூட. நோர்மா ஓரிக்ஸ், நோஸ்லர் அக்யூபாண்ட், சுவிஃப்ட் ஏ-ஃப்ரேம் மூன்றில் எது திறம்? கூடுதல் காசு கொடுப்பதில் பிரயோசனம் உண்டா?
– வாசகர், ஒஸ்லோ

பதில்: ஓரிக்ஸ் வாங்குங்கள். மற்ற இரண்டும் மட்டம் என்பதல்ல, உங்கள் துவக்குக்கும் உங்கள் நாட்டுச் சட்டத்துக்கும் அதுதான் பொருந்துகிறது.

சாதாரண வேட்டைக் குண்டில் ஈயக் கரு செம்பு உறைக்குள் அழுத்தி வைக்கப்பட்டிருக்கும், ஒட்டியிருக்காது. பட்டவுடன் முனை விரியவேண்டும், விரிந்தபடியே ஆழமாகவும் போகவேண்டும். வேகம் அதிகமாக இருந்தாலோ தோள் எலும்பில் பட்டாலோ உறை வேறு, ஈயம் வேறு என்று பிரிந்து குண்டு மேலோடு சிதறிவிடும். மிருகம் காயத்தோடு காட்டுக்குள் ஓடிவிடும். 1946-இல் ஜான் நோஸ்லர் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு மூஸைச் சுட்டபோது இப்படித்தான் அவருடைய குண்டுகள் கைவிட்டன. அந்த எரிச்சலில் பிறந்ததுதான் 1948-இல் விற்பனைக்கு வந்த பார்ட்டிஷன். நடுவே ஒரு செம்புச் சுவர். முன்பாதி சிதறினாலும் பின்பாதி தப்பிக்கும்.

பாண்டட் குண்டு வேறு வழியில் போகிறது. ஈயத்தையும் உறையையும் சூட்டில் பற்றவைத்து ஒன்றாக்கிவிடுகிறார்கள். 1960-களில் அமெரிக்காவின் ஐடஹோவில் பில் ஸ்டீகர்ஸ் 'பிட்டர்ரூட்' என்ற பெயரில் இதைச் செய்து விற்றார். ஃபெடரல் நிறுவனத்தின் ஃப்யூஷன் குண்டில் ஈயத்தின் மேல் செம்பை முலாம் பூசுவதுபோலப் படியவைக்கிறார்கள்.

இனி உங்கள் மூன்றுக்கு வருவோம். ஏ-ஃப்ரேம்தான் மூன்றிலும் முரடு. பார்ட்டிஷனைப் போல நடுச்சுவர், அதோடு முன்பக்க ஈயம் உறையோடு பற்றவைக்கப்பட்டது. பட்ட பின்னும் எடையில் 90 சதவீதத்துக்கு மேல் மிஞ்சும். பெரிய துவக்குகளில் ஆப்பிரிக்க எருமைக்கே அதை நம்பிப் போகிறவர்கள் உண்டு. அக்யூபாண்டுக்குப் பிளாஸ்டிக் முனை, ஒடுங்கிய வால்; தூரத்துக்கு நன்றாகப் பறக்கும். அதில் 60 முதல் 70 சதவீதம் எடைதான் மிஞ்சும், அப்படி மிஞ்சும்படிதான் வடிவமைத்திருக்கிறார்கள். உதிர்கிற ஈயமும் நுரையீரலில் வேலை செய்கிறது. விளம்பரத்தில் காளான்போல் விரிந்த குண்டைத் தராசில் வைத்துக் காட்டுவதைப் பார்த்து மயங்கவேண்டாம். எடை மிஞ்சுவது மட்டுமே பெருமை இல்லை. ஓரிக்ஸின் முனை மொண்ணை, காற்றில் வேகத்தைச் சீக்கிரம் இழக்கும். ஆனால் அகலமாக விரியும், எடையும் 90 சதவீதத்துக்கு மேல் நிற்கும். காட்டுக்குள் 100 மீட்டருக்கு உட்பட்ட சூட்டில் அந்த மொண்ணை முனை ஒரு குறையே அல்ல.

இப்போது சட்டம். நோர்வேயில் மூஸுக்கு விரியும் குண்டு கட்டாயம். எடை 10 கிராமுக்கு மேல் என்றால் 100 மீட்டரில் 2200 ஜூல் ஆற்றல் போதும். 9 முதல் 10 கிராம் வரை என்றால் 2700 ஜூல் வேண்டும். 6.5-க்கான ஓரிக்ஸ் 10.1 கிராம், சுலபமாகத் தேறிவிடும். அக்யூபாண்டும் ஏ-ஃப்ரேமும் இந்த அளவில் 140 கிரெயின், அதாவது 9.1 கிராம். சாதாரணக் கடைத் தோட்டாவில் அவை 2700-ஐத் தொடுவது கடினம். பெட்டியில் 100 மீட்டர் ஆற்றல் எவ்வளவு என்று பார்க்காமல் காசை நீட்டாதீர்கள்.

பிரயோசனம் உண்டா என்றால், .300 வின்செஸ்டர் மேக்னம் வைத்திருப்பவருக்கு நிச்சயம் உண்டு. விநாடிக்கு 900 மீட்டருக்கு மேல் பாயும் குண்டு கிட்டத்தில் பட்டால் ஒட்டாத உறை தாங்காது. உங்கள் 10.1 கிராம் குண்டு சுமார் 780 மீட்டரில்தான் கிளம்புகிறது. அந்த நிதானத்தில் பழைய ரகக் குண்டுகளும் ஸ்காண்டிநேவியாவில் ஒரு நூற்றாண்டாக மூஸை விழுத்தியிருக்கின்றன. ஆகவே பாண்டட் உங்களுக்கு எலும்பில் பட்டால் உதவும் காப்பு, அவ்வளவுதான். இன்னும் இரண்டு பெட்டி வாங்கிச் சுட்டுப் பழகுங்கள். வருடாந்தச் சூட்டுச் சோதனையில் 100 மீட்டரில் 5 குண்டும் 30 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் விழவேண்டுமே!

கேள்வி: புலி வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் காலத்தில் இந்தப் பாண்டட் குண்டுகள் இருந்தனவா?
– வாசகர், கோவை

பதில்: இல்லை. அவர் இறந்தது 1955-இல், பாண்டட் குண்டு கடைக்கு வருவதற்கு முன்பே.

கேள்வி: கணவர் வேட்டையில் பங்காகக் கிடைத்த இறைச்சியைக் கொண்டுவருகிறார். குண்டில் ஈயம் உண்டாமே, பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?
– வாசகி, பெர்கன்

பதில்: நியாயமான பயம். நோர்வேயின் உணவுப் பாதுகாப்பு அறிவியல் குழு 2013-இல் மூஸ் உள்ளிட்ட மான் இன இறைச்சியில் ஈயம் பற்றித் தனியாக ஆய்வறிக்கையே வெளியிட்டது. பாண்டட் குண்டு குறைவாக உதிரும். ஆனால் கொஞ்சமேனும் உதிரும், அந்தத் துணுக்குகள் கண்ணுக்கோ பல்லுக்கோ தெரியாது. முழுச் செம்புக் குண்டு பயன்படுத்தினால் இந்தக் கவலையே இல்லை, அடுத்த பெட்டி வாங்கும்போது கணவரிடம் சொல்லிப் பாருங்கள். ஈயக் குண்டுதான் என்றால் காயத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறியச் சொல்லுங்கள். காயத்துக்குப் பக்கத்துத் துண்டுகளை அரைத்த இறைச்சியில் சேர்க்கவேண்டாம். சிறு பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஈயக் குண்டால் சுட்ட மிருகத்தின் அரைத்த இறைச்சியைக் கொடுக்காதீர்கள். பின்தொடைத் துண்டைக் கொடுங்கள்.