சம உழைப்பும் பெண்டிரின் மனநலமும்

கூட்டுறவு இயக்கத்தின் வித்து ஒரு நெசவூரில் ஊன்றப்பட்டதாகும். 1844-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ரோச்டேல் நகரில் நெசவாளரும் பிற தொழிலாளரும் கூடித் தொடங்கிய பண்டகசாலை, அங்கத்தினர் ஒருவருக்கு ஒரு வாக்கு என்றும், அங்கத்தினர் உரிமையில் ஆண் பெண் பேதமில்லை என்றும் நெறி வகுத்தது. அந்நெறியைப் போற்றும் நாம், நம் தறியிலும் வயலிலும் அதனை எவ்வளவு கைக்கொள்கிறோம் என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

ஒரு புடவையைத் தறியிலிருந்து அறுத்தெடுக்குமுன் நடைபெறும் வேலைகளை எண்ணிப் பாருங்கள். ராட்டையில் நூல் சுற்றுதல், தார் சுற்றுதல், பாவு பிணைத்தல், அறுந்த இழைகளை முடிதல் ஆகியவற்றில் பெரும்பகுதி பெண்டிர் கையால் நிகழ்கிறது. 2019-20-ஆம் ஆண்டின் நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பில் கண்ட சுமார் 35 லட்சம் தொழிலாளரில், 100-க்கு 70-க்கு மேற்பட்டோர் பெண்களே. ஆயினும் பல வீடுகளில் கூலி ஆடவர் பெயரிலேயே பதிவாகிறது. உடன் உழைத்தவள் செய்தது வீட்டு வேலையோடு வேலையாகக் கருதப்படுகிறது. வயலிலோ, ஒரே அறுவடையில் அரிவாள் பிடிக்கும் இருவருக்கு வெவ்வேறு கூலி தரும் ஊர்கள் உண்டு. நடவும் களையெடுப்பும் இலேசான வேலை என்பர். நாள் முழுதும் சேற்றில் குனிந்து நிற்பது இலேசான வேலையா?

இதனால் விளையும் நஷ்டத்தைப் பணக்கணக்கில் மட்டும் அளந்துவிட முடியாது. உழைப்பு மிகுந்தும், அதற்கு ஈடான ஊதியமும் மதிப்பும் குறைந்தும் உள்ள நிலை நீடித்தால் உடலும் உள்ளமும் கெடும் என்பதை அறிஞர் யோகன்னஸ் சீக்ரிஸ்ட் 1996-இல் விளக்கினார். 2016-இல் கொலம்பியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அமெரிக்காவில் கல்வி, தொழில் முதலியவற்றில் ஒத்த ஆண்களையும் பெண்களையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வு வெளியிட்டனர். ஆடவரினும் குறைந்த வருமானம் பெற்ற பெண்களிடையே மனச்சோர்வு நோய்க்கான வாய்ப்பு ஏறத்தாழ இரண்டரை மடங்காக இருந்தது. வருமானம் சமமாகவோ மிகுதியாகவோ இருந்தவிடத்து அவ்வேற்றுமை பெரிதும் குறைந்தது. பெண் மனம் இயல்பிலேயே பலவீனமானது என்போர் இதனைச் சிந்திப்பாராக.

உறக்கமின்மை, ஓயாத தலைவலி, எரிச்சல், எதிலும் நாட்டமின்மை ஆகியவை இத்துன்பத்தின் அடையாளங்களாக இருத்தல் கூடும். தன் வேலைக்கு மதிப்பில்லை என்று நம்பத் தொடங்கியவள் கூட்டத்தில் வாய் திறவாள். அவள் பேசாமையைக் கண்டு, அவளுக்குக் குறையே இல்லை எனப் பிறர் முடிவு செய்வர். இவ்வாறு பாரபட்சம் தனக்குத் தானே காவலாகிறது. இவ்வடையாளங்கள் இரு வாரங்களுக்கு மேல் நீடிப்பின் மருத்துவரை நாடுதல் வேண்டும். 2022-இல் தொடங்கப்பட்ட டெலி மானஸ் மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம்.

எனினும் மருந்தால் மட்டும் கூலிக் கணக்கு நேராகாது. சம வேலைக்குச் சம ஊதியம் என்பது நம் அரசியல் சட்டத்தின் 39-ஆவது பிரிவில் கண்ட நெறி. 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் அதனைக் கட்டாயமாக்கிற்று. 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அவ்விதி இடம்பெற்றுள்ளது.

சங்கங்கள் உடனே செய்யத்தக்கவை நான்கு:

1. தறியில் உழைக்கும் பெண்டிரை அவர்கள் பெயரிலேயே அங்கத்தினராகச் சேர்த்தல்.
2. பாவு, தார் வேலைகளுக்குத் தனிக் கூலி விகிதம் குறித்து, உழைத்தவரிடமே பட்டுவாடா செய்தல்.
3. நடவு, களை, அறுவடைக் கூலியை வேலையின் பெயரால் நிர்ணயித்து எல்லாரும் அறிய எழுதி ஒட்டுதல்.
4. பெண்டிர் வரத்தக்க நேரத்தில் கூட்டம் கூட்டி, அவர்கள் சொல்வதை நடவடிக்கைப் புத்தகத்தில் பதிதல்.

படிப்பு வட்டத்திற்குரிய கேள்விகள்: நம் சங்க அங்கத்தினரில் பெண்டிர் எத்தனை பேர்? சென்ற மாதம் தார் சுற்றியவர் யார், கூலி பெற்றவர் யார்? சென்ற ஆண்டுக் கூட்டங்களில் பேசிய பெண்கள் எத்தனை பேர்? விடைகளை எழுதி அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் வைப்போமாக.