சத்தத்துக்கு வயதில்லை, காதுக்கு உண்டு
இளம் ராக் கலைஞருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

முப்பது வயதுக்குள் பெயர் எடுக்காவிட்டால் ராக் இசையில் நமக்கு வேலையில்லை என்ற எண்ணம் உன் வயதுக் கலைஞர்களிடம் பரவலாக இருக்கிறது. அதோடு இன்னொன்றும் வந்து ஒட்டிக்கொள்கிறது. எப்படியும் முப்பதோடு முடியப்போகிற ஆட்டம்தானே, அதுவரை காதையும் கையையும் தொண்டையையும் பார்த்துப் பார்த்துச் செலவழிப்பானேன் என்ற அலட்சியம். இரண்டுமே தவறு என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். உரக்க வாசிப்பது பழகிப் பெறுகிற ஒரு கட்டுப்பாடு. வயது ஏற ஏற அது முதிரக்கூடச் செய்யும். ஆனால் அறுபதில் மேடையேற உன்னிடம் காதும் கையும் மிச்சம் இருக்குமா என்பதை, இருபத்திரண்டில் ஜாம் ரூமில் நீ எப்படி நடந்துகொள்கிறாய் என்பதே பெருமளவு தீர்மானிக்கிறது.

முதலில் வரலாறு. ராக் விடலைப் பையன்களின் இசை என்பார்கள். அந்தப் பையன்கள் அதை யாரிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள் என்று பார்த்தால் கதை வேறு. அமெரிக்காவின் தெற்கிலிருந்து வந்த ப்ளூஸ், சிகாகோவின் இரைச்சலான மதுக்கடைகளில் காதில் விழ வேண்டுமென்றால் ஆம்ப் வேண்டியிருந்தது. அந்த மின்கிட்டார் ஒலியை நிலைநிறுத்திய மடி வாட்டர்ஸ் 1913இல் பிறந்தவர். ரோலிங் ஸ்டோன்ஸ் குழு எந்தப் பாடலிலிருந்து தன் பெயரை எடுத்துக்கொண்டதோ, அதை அவர் பதிவு செய்தது 1950இல், 36 வயதில். 1958இல் அவர் இங்கிலாந்துக்குப் போனபோது, கிராமத்துப் பாட்டை எதிர்பார்த்து வந்த பலரை அவருடைய கிட்டாரின் சத்தம் திடுக்கிட வைத்தது. அப்போது அவருக்கு 45. ஹௌலின் உல்ஃப் முதன்முதலாக ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நுழைந்தது 1951இல், நாற்பது வயதான பிறகு. பிற்பாடு லெட் செப்பலின் போன்ற குழுக்கள் தேடிப்போன உறுமல் அவருடையது. 1977இல் வந்த ‘ஹார்ட் அகெய்ன்’ ஆல்பத்தை எடுத்துக் கேள். முதல் பாட்டிலேயே வாட்டர்ஸ் ஒரு வரி பாட, அறையில் இருக்கும் மற்றவர்கள் பின்னாலிருந்து கூச்சலிடுகிறார்கள், சுவர் அதிர்கிறது. பாடுகிறவருக்கு 63 வயது. ஆக, உரத்த மின்கிட்டார் இசை பிறக்கும்போதே நடுவயதுக்காரர்களின் கையில்தான் இருந்தது. பிள்ளைகள் அதைக் கடன் வாங்கி, பிறகு தங்கள் சொத்து என்று சொல்லிக்கொண்டார்கள்.

சரி, மனசுக்கு வயதில்லை, உடம்புக்கு உண்டே என்று கேட்பாய். நியாயமான கேள்வி. ஆனால் ராக் முழுபலம் கொண்ட உடம்புக்காக மட்டும் உருவான கலை என்பது உண்மையில்லை. பர்மிங்ஹாமில் தகரத் தொழிற்சாலை ஒன்றில், பிற்பாடு பிளாக் சபாத் குழுவின் கிட்டார்காரரான டோனி ஐயோமிக்கு 17 வயதில் விபத்து நேர்ந்தது. வலது கையின் நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனிகளும் போயின. அவர் இடதுகைக்காரர், தந்தியை அழுத்த வேண்டிய விரல்களே அவைதாம். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல்முனைக்குத் தொப்பி செய்து, மேலே தோலை ஒட்டி, மெல்லிய தந்திகளைப் பூட்டி வாசித்தார். பிறகு தந்திகளைத் தளர்த்தி ஸ்ருதியையும் இறக்கினார். 1971இல் வந்த ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’யில் கேட்கும் அந்தக் கனத்த, தாழ்ந்த ஒலியைத்தான் பின்னால் வந்த மெட்டல்காரர்கள் இலக்கணமாக எடுத்துக்கொண்டார்கள். 2025 ஜூலையில் பர்மிங்ஹாமின் வில்லா பார்க்கில் பிளாக் சபாத் கடைசியாக மேடையேறியபோது அவருக்கு 77. டீப் பர்ப்பிள் குழுவில் நெடுங்காலம் வாசித்த ஸ்டீவ் மோர்ஸ், மணிக்கட்டு மூட்டு தேய்ந்துபோனதும் தந்தியை மீட்டும் அசைவையே மாற்றிக்கொண்டார். ரஷ் குழுவின் நீல் பியர்ட், ட்ரம்ஸ் வாசிப்பில் உலகமே கொண்டாடிய பிறகு, நாற்பதைத் தாண்டி ஃப்ரெடி க்ரூபரிடம் மாணவராகப் போய்ச் சேர்ந்து, குச்சி பிடிப்பதிலிருந்து பாடத்தைத் திரும்பத் தொடங்கினார். விரலுக்கும் மூட்டுக்கும் மாற்று வழி உண்டு என்பதற்கு இவர்கள் சாட்சி.

மாற்று வழியே இல்லாத உறுப்பு ஒன்று உண்டு. அது காது. உட்காதில் சுருண்டிருக்கும் காக்ளியாவில், ஒரு காதுக்குச் சுமார் 15,000 மயிரிழைச் செல்கள் இருக்கின்றன. ஒலியின் அதிர்வை நரம்புக்கு எடுத்துச் சொல்பவை அவைதாம். மனிதருக்கு அவை ஒருமுறை செத்தால் மறுபடி முளைப்பதில்லை. உரத்த சத்தம் பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில்தான் முதலில் கைவைக்கிறது. ச, ஸ, த போன்ற ஒலிகளின் கூர்மை அந்த உயர்ந்த பகுதியைச் சார்ந்தது. அதனால்தான் செவி கெட்டவர்கள், பேசுவது கேட்கிறது, என்ன பேசுகிறார்கள் என்று புரியவில்லை என்கிறார்கள். அமெரிக்கத் தொழிலாளர் உடல்நல ஆய்வு நிறுவனமான நியாஷ் சொல்லும் வரம்பு இது: 85 டெசிபலில் நாளுக்கு 8 மணி நேரம், அதற்குமேல் 3 டெசிபல் ஏறும்போதெல்லாம் நேரம் பாதியாகக் குறையும். இந்தக் கணக்கில் 100 டெசிபலுக்குக் கிடைப்பது 15 நிமிடம். நான்கு சுவருக்குள் ட்ரம்ஸும் இரண்டு ஆம்பும் சேர்ந்து அந்த அளவை எளிதாகத் தொடும். ஒத்திகை முடிந்து வெளியே வரும்போது காது அடைத்து ‘ஙொய்’ என்கிறதே, மறுநாள் காலை சரியாகிவிடுகிறதே, அதை நம்பாதே. இளமையில் இப்படிச் செய்வது, வட்டி போதாமல் முதலைத் தின்பது மாதிரி. கை வைத்தது தெரிவதற்குள் வயதின் தேய்மானமும் வந்து சேர்ந்துகொள்ளும்.

நடந்ததைப் பார். 1976 மே மாதம் லண்டன் சார்ல்டன் மைதானத்தில் தி ஹூ குழு வாசித்தபோது, 32 மீட்டர் தள்ளி அளந்த சத்தமே 126 டெசிபல். கின்னஸ் புத்தகம் அதை உலகின் மிக உரத்த கச்சேரி என்று பதிந்தது; காதைக் கெடுத்துக்கொள்ள நாமே ஊக்கம் தருவதாகிவிடும் என்று பிற்பாடு அந்தப் பிரிவையே கைவிட்டது. அக்குழுவின் பீட் டவுன்ஷெண்ட் 1989 சுற்றுப்பயணத்தில், 44 வயதில், பெரும்பாலும் அக்கூஸ்டிக் கிட்டாரோடு நின்றார். மின்கிட்டாருக்கு வேறொருவர் தேவைப்பட்டார். தன் கேடுக்கு மேடையைவிட ஒலிப்பதிவுக் கூடத்தின் ஹெட்ஃபோன்தான் முக்கியக் காரணம் என்பது அவர் கருத்து. ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு நள்ளிரவு வரை பயிற்சி செய்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நீல் யங் 1991இல் க்ரேஸி ஹார்ஸ் குழுவோடு காதைப் பிளக்கும் சுற்றுப்பயணம் போய், காதிரைச்சலோடு திரும்பினார். அடுத்த ஆண்டு வந்த ‘ஹார்வெஸ்ட் மூன்’ அத்தனை மெல்லியதாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் அவர் அங்கேயே நின்றுவிடவில்லை. 2012இல், 66 வயதில், அதே குழுவோடு 27 நிமிடத்துக்கு மேல் நீளும் மின்கிட்டார் பாட்டை வெளியிட்டார். ஏசி/டிசியின் பிரையன் ஜான்சனுக்கு 2016இல், தொடர்ந்தால் செவி முற்றாகப் போய்விடும் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். கார் பந்தயத்தில் காதை மூடாமல் ஓட்டியதையும் அவர் காரணமாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கென்றே உருவான காதுக்குள் வைக்கும் கருவியின் துணையோடு 2023இல், 76 வயதில், அக்குழுவோடு மறுபடி மேடையேறினார். இவர்கள் திரும்பி வந்தது கட்டுப்பாட்டோடு. அந்தக் கட்டுப்பாட்டை அவர்கள் அடிபட்ட பிறகு கற்றார்கள். நீ முன்னதாகவே கற்கலாம்.

குறைத்து வாசித்தால் அது ராக்கே இல்லை என்று நீ வாதாடுவாய். அதில் பாதி உண்மை. சத்தம் குறையக் குறைய நம் காது தாழ்ந்த ஒலிகளை மற்றவற்றைவிட அதிகமாக இழக்கிறது என்று 1933இலேயே ஃப்ளெட்சரும் மன்சனும் அளந்து காட்டினார்கள். மெதுவாக வைத்துக் கேட்டால் பேஸ் சப்பென்று இருப்பது பிரமை இல்லை. வால்வ் ஆம்பும் ஓரளவு ஏற்றினால்தான் அதன் குணத்தைக் காட்டும். ஆகவே மெல்ல வாசி என்று நான் சொல்ல மாட்டேன். எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு என்கிறேன். 50 வாட் ஆம்புக்கும் 100 வாட் ஆம்புக்கும் உள்ள வித்தியாசம் வெறும் 3 டெசிபல். காதுக்குப் பாதிச் சத்தமாகத் தெரிய வேண்டுமென்றால் 100 வாட்டிலிருந்து பத்து வாட்டுக்கு இறங்க வேண்டும். 1960களில் பாட்டுக்கே சரியான ஒலிபெருக்கி கிடையாது, கிட்டார்காரர் தன் ஆம்பை வைத்தே அரங்கை நிரப்ப வேண்டியிருந்தது; மார்ஷலின் 100 வாட் ஆம்ப் அந்தத் தேவையில் பிறந்தது. இன்று ஆம்புக்கு முன்னால் மைக் வைத்து மிக்ஸருக்கு அனுப்பும் மேடையில் அது பெரும்பாலும் அலங்காரம்.

ஆம்பை எங்கே வைக்கிறாய் என்பதையும் பார். 12 அங்குல ஸ்பீக்கரின் உச்ச ஒலிகள் டார்ச் வெளிச்சமாக நேர்கோட்டில் போகும், பக்கவாட்டில் பரவாது. தரையில் வைத்த ஆம்ப் உன் முழங்காலின் பின்பக்கத்துக்கு வாசிக்கிறது. உனக்கு மங்கலாகக் கேட்கிறது என்று ட்ரெபிளையும் வால்யூமையும் ஏற்றுகிறாய். எதிரே முதல் வரிசையில் நிற்பவர் காதில் ஊசி இறங்குகிறது. அரைமணி நேரத்தில் உன் காது மரத்துப்போகும், மறுபடி ஏற்றுவாய். பேஸ்காரர் ஏற்றுவார், ட்ரம்மர் ஓங்கி அடிப்பார். அதே ஆம்பை நாற்காலிமேல் தூக்கி வைத்து முகம் பார்த்துச் சாய்த்துவிட்டால், யாரும் சொல்லாமல் நீயே குறைப்பாய். இயர்பிளக் போட்டால் இசையே செத்துவிடும் என்பது மலிவான நுரை அடைப்பானுக்குப் பொருந்தும். அது உச்ச ஒலிகளை மட்டும் கூடுதலாக விழுங்கும். இசைக்கலைஞர்களுக்கான இயர்பிளக் எல்லா ஸ்தாயியையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும். அது 15 டெசிபலைக் கழித்தால் நியாஷ் கணக்கில் உன் 15 நிமிடம் 8 மணி நேரமாகிறது. நெஞ்சில் மோதும் பேஸ் அப்படியே மோதும், ஏனென்றால் அதை நீ உடம்பாலும் கேட்கிறாய்.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. வயதானவர்கள் பழைய நினைவைத்தான் விற்கிறார்கள், இளையவர்களுக்கு மேடையை விட்டுக்கொடுத்தால் என்ன என்பது. பலரைப் பற்றி இது சரி. ஐம்பது வருடத்துக்கு முந்தைய பாட்டை அச்சுப் பிசகாமல் ஒப்பித்துவிட்டு, டிக்கெட் விலையை மட்டும் புதிதாக வைத்திருப்பவர்கள் உண்டு. ஆனால் அது தேக்கத்தின் குற்றம். இருபத்தைந்து வயதில் அடுத்தவர் பாட்டையே ஒப்பித்துத் தேங்கிப்போன குழுக்கள் உன் ஊரிலேயே இருக்கும். புதிய வேலை நடக்கிறதா என்பதுதான் உரைகல். 2007 மார்ச்சில் அயர்ன் மெய்டன் முதல்முறையாக இந்தியா வந்து பெங்களூரு அரண்மனை மைதானத்தில் வாசித்தபோது ஸ்டீவ் ஹாரிஸுக்கு 51, நிக்கோ மெக்ப்ரெய்னுக்கு 54. முந்தைய ஆண்டு வெளியான புது ஆல்பத்தோடு வந்தார்கள். ஜூடஸ் ப்ரீஸ்டின் ராப் ஹால்ஃபோர்ட் 2024இல் புதிய ஆல்பம் தந்தபோது அவருக்கு 72. ஷில்லாங்கில் லூ மஜாவ், நரைத்த நீள்முடியும் வெட்டிய ஜீன்ஸ் அரைக்கால் சட்டையுமாக, 1972 முதல் மே 24 அன்று பாப் டிலன் பிறந்தநாளுக்குக் கச்சேரி நடத்தி வருகிறார். அவரால் எந்த இளைஞனின் மேடையும் பறிபோகவில்லை. மேகாலயாவில் ராக் வாசிக்கலாம் என்ற துணிச்சல்தான் பலருக்குக் கிடைத்திருக்கும்.

நிறுத்தத் தெரிவதும் இந்தக் கட்டுப்பாட்டில் சேர்ந்ததுதான். பியர்ட் 2015இல், நினைத்தபடி இனி வாசிக்க முடியாது என்ற நிலை வருமுன் குச்சியைக் கீழே வைத்தார். மெக்ப்ரெய்ன் 2023இல் பக்கவாதம் தாக்கிய பிறகும் சில இடங்களை மாற்றி வாசித்தபடி சுற்றுப்பயணம் போனார், 2024 டிசம்பரில் பயணத்திலிருந்து விடைபெற்றார். ஜூடஸ் ப்ரீஸ்டின் க்ளென் டிப்டன் பார்க்கின்சன் நோயை 2018இல் வெளிப்படையாகச் சொல்லி, முழுக் கச்சேரியை இன்னொருவரிடம் ஒப்படைத்து, இயன்ற நாளில் கடைசிச் சில பாட்டுகளுக்கு மட்டும் மேடைக்கு வந்தார். எது முடியும், எது முடியாது என்று தன்னிடமே பொய் சொல்லாதவர்கள் இவர்கள். உரத்த இசைக்கு வேண்டிய நேர்மை அது.

உனக்கு அந்தப் புகழ் வராமல் போகலாம். பெரும்பாலோருக்கு வராது. வங்கியிலோ ஐடி கம்பெனியிலோ வேலை பார்த்துக்கொண்டு சனிக்கிழமை மாலை வாசிப்பவனாகவே நீ ஐம்பதை எட்டலாம். அதில் தோல்வி எதுவும் இல்லை. பிழைப்புக்காக வாசிக்காதவனுக்கு, பிடிக்காததை வாசிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆனால் அந்தச் சனிக்கிழமைகள் உனக்கு மிஞ்ச வேண்டும். காது நன்றாக இருக்கும்போதே செவித்திறன் பரிசோதனை செய்து அந்த ஆடியோகிராமைப் பத்திரப்படுத்து. பின்னால் ஒப்பிட அது வேண்டும். ஒத்திகையில் மணிக்கு ஒருமுறை வெளியே வந்து காதுக்கு ஓய்வு கொடு. தொண்டை கமறினால் அன்று கத்தாதே. எட்டாத ஸ்ருதியை அரைக்கட்டை இறக்கு. அதில் மானக்கேடு ஒன்றுமில்லை. கை வலித்தால் தைலம் தேடுமுன் வாத்தியாரைத் தேடு. அடுத்த எஃபெக்ட்ஸ் பெடலுக்காகச் சேர்த்துவைத்திருக்கிறாயே, அந்தப் பணத்தில் முதலில் நல்ல இயர்பிளக் வாங்கு. பெடலை இரண்டு மாதம் கழித்தும் வாங்கிக்கொள்ளலாம்.

அன்புடன்