டெல்டாவுக்கு அடியில் ஒரு பழைய பிளவு

அரியலூர் பக்கம் கிணறு வெட்டினாலும் சிப்பி வருகிறது. பிரளயத்தில் கடல் பொங்கி வந்து போட்டுவிட்டுப் போனது என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். கல்லங்குறிச்சி சுண்ணாம்புக்கல் சுரங்கத்தின் சுவரைப் பார்த்தால் அந்த எண்ணம் நிற்காது. கைக்கு அடங்காத கனத்த சிப்பிகள் அடுக்கடுக்காக, படுகை படுகையாகக் கிடக்கின்றன. ஒரே வெள்ளம் அள்ளிக் கொட்டிய குப்பை அல்ல அது. ஆழமில்லாத கடலில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து மடிந்த சிப்பிகளின் குடியிருப்பு. வயது ஏறக்குறைய 7 கோடி ஆண்டு. காரை ஊரின் களிமண் மேடுகளில் கிடைக்கும் பெலம்னைட்டுகள், அதாவது கணவாய் இன உயிரிகளின் புதைபடிவங்கள், அதற்கும் மூத்தவை.

அந்தக் கடல் உள்ளே வரக் காரணம் நிலம் உடைந்ததுதான். கோண்டுவானாப் பெருநிலம் பிரிந்தபோது இந்தப் பக்கத்து மேலோடு இழுபட்டு, வடகிழக்கு–தென்மேற்காகப் பிளந்தது. திசை தற்செயலானது அல்ல. கிழக்குத் தொடர்ச்சி மலையின் தொல்பாறைகளில் ஏற்கெனவே ஓடிய வரிகளும் வெடிப்புகளும் காட்டிய வழியிலேயே புதிய பிளவுகள் போயின. சில பாளங்கள் தாழ்ந்து பள்ளமாயின, சில மேடாக நின்றன.

காவிரி டெல்டா முழுக்கக் காவிரி கொண்டுவந்த மண்தான் என்பது இன்னொரு நம்பிக்கை. மேலே உள்ள வண்டல் ஒரு போர்வைதான். அதன் கீழே, பள்ளங்கள் ஆழமான இடங்களில், படிவங்கள் 5 கிலோமீட்டரையும் தாண்டுகின்றன. பெரும்பகுதி கடலில் படிந்தவை. கும்பகோணத்திலிருந்து மாதானம் வழியாகப் பரங்கிப்பேட்டை நோக்கி ஒரு பாறைமேடு மண்ணுக்குள் புதைந்து ஓடுகிறது. மாதானத்தில் அந்தத் தொல்பாறையின் வெடிப்புகளிலேயே எண்ணெய் கிடைத்தது!

மண்டபத்திலிருந்து நெடுந்தீவு நோக்கிப் போகும் இன்னொரு மேடு, பாக் விரிகுடாப் பள்ளத்தையும் மன்னார் வளைகுடாப் பள்ளத்தையும் பிரிக்கிறது. பாக் விரிகுடாவில் பல இடங்களில் தண்ணீர் 15 மீட்டர்கூட இல்லை. ஆழமெல்லாம் கடல்தரைக்குக் கீழேதான், படிவம் நிரம்பிக் கிடக்கிறது.

பிளவு என்றதும் நாளைக்கே பூகம்பம் என்று பயப்படுவதும் தவறு. இந்தப் பிளவுகளில் பெரும்பாலானவை எப்போதோ ஓய்ந்துவிட்டன. ஆனால் பயமே வேண்டாம் என்பதும் சரியல்ல: 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலுக்கடியில் ஏற்பட்ட, சுமார் 5.5 அளவிலான அதிர்வு சென்னை வரை உணரப்பட்டது. தளர்ந்த வண்டல் மீது நிற்கும் கட்டடத்தை அதிர்வு பாறைமேல் நிற்பதைவிட அதிகமாக ஆட்டும். டெல்டா நகரங்களில் மாடி மேல் மாடி எழுப்புகிறவர்கள் அஸ்திவாரம் போடும்போதே இதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.