எந்த அட்டை நமக்கு?

கர்நாடக மாநிலம். கோலார் தங்கவயல் பக்கம் ஒரு கிராமம். அங்கே ஓர் அம்மா இரண்டு கறவை மாடுகள் வைத்திருக்கிறார். காலையும் மாலையும் கூட்டுறவுச் சங்கத்தில் பால் ஊற்றுகிறார். கணவர் மண்டியில் மூட்டை தூக்குகிறார். இரண்டு பெண் பிள்ளைகள்.

2022 நவம்பர் மாதம் கணவருக்கு அடிவயிற்றில் வீக்கம் வந்தது. டாக்டர் பார்த்தார்.

"இது குடலிறக்கம். ஆபரேஷன் செய்ய வேண்டும். இன்றே என்று இல்லை. ஆனால் ரொம்ப நாள் தள்ளக் கூடாது. அதுவரை மூட்டை தூக்காதீர்கள்" என்றார்.

கூலி நின்றது. ஒரு மாட்டை விற்றுவிடலாம் என்றார் கணவர். அம்மாவுக்கு மனம் வரவில்லை. மாடு போனால் பாதி வருமானம் போகுமே!

அந்த வாரம் ஓர் ஏஜெண்டு வீட்டுக்கு வந்தார்.

"இன்சூரன்ஸ் எடுங்கக்கா. ஆஸ்பத்திரி செலவு முழுசும் கம்பெனி பார்த்துக்கும். இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்க."

படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. அம்மா உடனே கையெழுத்துப் போடவில்லை. பெரிய மகளைக் கூப்பிட்டார்.

"கண்ணு, இதை முழுக்கப் படிச்சுச் சொல்லு."

மகள் படித்தாள். 'ஏற்கெனவே நோய் உண்டா?' என்று ஒரு கேள்வி. ஏஜெண்டு 'இல்லை' என்று குறித்திருந்தார்.

"அவருக்கு வீக்கம் இருக்கே தம்பி?"

"அதை எழுதினா பாலிசி கிடைக்காதுக்கா. விடுங்க."

இதுதான் ஆபத்தான இடம். நோயை மறைத்தது தெரிந்தால் கம்பெனி பணம் தர மறுக்கலாம். பாலிசியையே ரத்து செய்யலாம். அப்போது ஏஜெண்டு பக்கத்தில் இருக்க மாட்டார். கையெழுத்துப் போட்டவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

மகள் மேலும் படித்தாள். சில நோய்களுக்கு 24 மாதம் காத்திருக்க வேண்டும் என்று இருந்தது. அந்தப் பட்டியலில் குடலிறக்கமும் இருந்தது. கணவரால் இரண்டு வருடம் சும்மா உட்கார முடியுமா? தனியார் பாலிசி எல்லாமே மோசம் என்று இல்லை. நோய் வரும் முன் எடுத்தவருக்கு அது உதவும். இந்த வீட்டுக்கு இப்போது உதவாது. அவ்வளவுதான்.

அம்மா படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

அரசுத் திட்டம் ஒன்றும் உண்டு. கர்நாடகத்தில் அப்போது அதன் பெயர் ஆயுஷ்மான் பாரத் ஆரோக்கிய கர்நாடகா. வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. மேலே உள்ள குடும்பத்துக்கு நிர்ணயித்த செலவில் 30 சதவீதம் மட்டும். மூட்டை தூக்குபவர் வீட்டில் இருந்ததோ கோட்டுக்கு மேலே உள்ள ரேஷன் அட்டை! ஏன் என்று யாருக்கும் தெரியாது. அதை மாற்ற மனு கொடுக்கலாம். ஆனால் அதற்கு நாள் ஆகும்.

மறுநாள் பால் ஊற்றப் போன இடத்தில் சங்கச் செயலாளரிடம் கேட்டார். அவர் யஷஸ்வினி திட்டம் பற்றிச் சொன்னார்.

இது கூட்டுறவுச் சங்க உறுப்பினர்களுக்கான திட்டம். 2003-இல் தொடங்கியது. இதய மருத்துவர் தேவி ஷெட்டி இதற்கு யோசனை தந்தவர். அப்போது ஒருவருக்கு மாதம் 5 ரூபாய் கணக்கு. பல லட்சம் பேர் சிறு தொகை போட்டார்கள். நோய் வந்தவருக்கு அந்தப் பணம் உதவியது. எல்லார் பாலும் ஒரே கேனில் சேர்வது போலத்தான். 2018-இல் திட்டம் நின்றது. 2022-இல் மறுபடி வந்தது. கிராமத்தில் நான்கு பேர் வரை உள்ள குடும்பத்துக்கு 500 ரூபாய். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை.

"எப்ப வேணும்னாலும் சேரலாமா அண்ணா?"

"இல்லம்மா. பதிவுக்கு நாள் குறிச்சிருக்காங்க. அதுக்குள்ள பணம் கட்டணும். விட்டா அடுத்த வருசம்தான். கட்டின உடனே ஆபரேஷனுக்கும் போக முடியாது. திட்டம் தொடங்குற நாள் வரணும்."

"இவருக்கு ஏற்கெனவே குடலிறக்கம் இருக்கு. அதுக்கும் செய்வாங்களா? எந்த ஆஸ்பத்திரியில?"

செயலாளர் சிகிச்சைப் பட்டியலைப் புரட்டினார். குடலிறக்கம் அதில் இருந்தது. ஆஸ்பத்திரிப் பட்டியலையும் எடுத்தார். டாக்டர் பார்த்த ஆஸ்பத்திரி அதில் இல்லை. கோலாரில் வேறொன்று இருந்தது. சேரும் முன்பே அங்கே அனுமதி வாங்க வேண்டும் என்றார்.

அம்மா வீட்டுக்குப் போய் நால்வரின் ஆதார் அட்டைகளையும் ரேஷன் அட்டையையும் எடுத்து வந்தார். பால் பணத்திலிருந்து 500 ரூபாய் கட்டினார். ரசீதில் நான்கு பெயர்களும் சரியாக இருக்கின்றனவா என்று எழுத்து எழுத்தாகப் பார்த்தார். கணவர் பெயரில் ஒரு பிழை இருந்தது. அங்கேயே திருத்தி வாங்கினார். ரசீதின் பின்னால் கோலார் ஆஸ்பத்திரியின் பெயரைத் தன் கையாலேயே எழுதிக்கொண்டார்.