கூதிர்க்காலத்துக் கான்யாற்று நடை

ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்ப் பருவம் என்பதும், குறிஞ்சித் திணைக்கு அப்பருவத்தைத் தொல்காப்பியர் உரித்தாக்கினர் என்பதும் மாணவர் யாவரும் அறிந்தனவே. ஏட்டில் அறிந்ததனைக் காலால் நடந்து காணுதற்கு ஏற்ற இடம் ஒன்று நமக்கு அணித்தே உளது. இராயபுரத்தினின்று உடுமலைப்பேட்டை சென்று, மூணாற்றுச் சாலையில் மாநில எல்லையைக் கடப்பின், சின்னாற்று வனவிலங்குப் புகலிடம் தொடங்கும். 1984-இல் கேரள அரசினர் அமைத்த இக்காட்டினுள், வனத்துறையினர் இசைவும் மலைவாழ் மக்களின் வழித்துணையும் பெற்றே நடைக்குழுவினர் செல்லுதல் வேண்டும். அந்நடையால் யாம் கற்கத்தக்கது யாதென ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

முதற்கண் வியப்பளிப்பது நிலத்தின் இருவேறு நிறம். ஆனைமலைத் தொடர் தென்மேற்குப் பருவமழையைத் தன் மேற்புறத்தே தடுத்துவிடுதலின், கீழ்ப்புறமாகிய சின்னாறு மழை மறைவு நிலமாயிற்று. வறண்ட சரிவெங்கும் வேலும் கள்ளியும் நிற்கும். ஆயினும், பாறையை அறுத்தோடும் பாம்பாற்றுப் பள்ளத்தில் இறங்கியவுடன், நீர்மருதும் புங்கும் நாவலும் வானை மறைத்து ஓங்கி நிற்றலைக் காண்போம். சரிவில் மழை பொய்த்த காலத்தும் இவை வாடாமைக்குக் காரணம், மேல்மலைகளிற் பெய்த நீர் ஆற்றுவழியே வந்து வேரை நனைத்தலே.

ஆறு மரத்தைப் புரத்தல் எளிதிற் புலனாம். மரம் ஆற்றைப் புரத்தலோ உற்று நோக்கினார்க்கே புலனாம். வேர்கள் கரையைப் பிணித்துக் காக்கின்றன. நிழல் நீரைக் குளிர்விக்கின்றது. உதிர்ந்த இலை நீர்ப்பூச்சிக்கும், அப்பூச்சி மீனுக்கும் உணவாகின்றன. அருகிவரும் சாம்பல்நிற மலையணில் இங்கு வாழ்கின்றது. அது கிளைவிட்டுக் கிளை தாவியே செல்வதாகலின், கரைமரங்களின் தொடர் ஓரிடத்து அறுபடின் அதன் வழியும் அறுபடும்.

இனி, இப்பருவத்து நடப்பார் ஒன்று கருதல் வேண்டும். தலைக்கு மேல் வானம் தெளிந்திருப்பினும், மேல்மலையிற் பெய்த மழையால் ஆறு திடீரெனப் பெருகுதல் உண்டு. ஆகலின் ஆற்றிடைப் பாறையில் அமர்ந்து உண்ணலும் உறங்கலும் தகா. நீர் கலங்கிச் சருகும் சுள்ளியும் மிதந்து வரின், உடனே மேட்டுநிலம் சேர்க.

பாம்பாறும் சின்னாறும் கூட்டாறு என்னுமிடத்துக் கலந்து அமராவதியாகின்றன. சங்கச் சான்றோர் கூறும் ஆன்பொருநை இதுவே என்பர் அறிஞர். 1957-இல் கட்டி முடிக்கப்பெற்ற அணையில் தங்கி, தாராபுரம் கடந்து, கரூர்ப் பக்கத்தே காவிரியிற் சேர்கின்றது.

நம்மூர் நொய்யலும் வெள்ளியங்கிரி மலைக்காட்டிற் பிறந்து காவிரியிற் சேர்வதே. ஆயினும் சாயக்கழிவால் அது கெட்டமையின், பாசனத்திற்கென 1992-இல் அமைந்த ஒரத்துப்பாளையம் அணையின் நீரை உழவரே வேண்டாவென்று மறுக்கும் நிலை வந்தது. 2011-இல் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. கழிவுநீரைத் துளியும் வெளிவிடாது தூய்மை செய்து மீளப் பயன்படுத்தும் பட்டறைகளே இயங்கலாம் என்றாயிற்று. பனியன் தொழிலால் உண்ணும் குடும்பத்துப் பிள்ளைகள் நம்முட் பலர். தொழிலைப் பழித்தலும் ஆற்றை மறத்தலும் ஆகிய இரண்டும் நமக்குத் தகா.

ஆகவே, சின்னாறு கண்டு மீளும் குழுவினர், மறுவாரமே நொய்யற் கரையில் ஒரு மைல் நடந்து, நிற்கும் நீர்மருதும் புங்கும் எத்துணை, வெற்றிடம் எத்துணை என எண்ணிக் குறித்துக்கொள்வாராக. வெற்றிடத்தின் கணக்கே, அடுத்த மழைக்குமுன் நடவேண்டிய கன்றுகளின் கணக்காகும்.