கடல் தாண்டும் முன் கேட்க வேண்டியவை: கருப்பைப் புற்றுநோய் பற்றி ஒரு பாடம்



நம்ம பாட்டன் பூட்டன் பலர் தலைமன்னார் வழியாகத்தான் இந்த நாட்டுக்கு வந்தார்கள். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடத் தொடங்கியது. 1964 புயலில் தனுஷ்கோடி அழிந்தபின் இராமேஸ்வரத்திலிருந்து ஓடியது. 1980களில் யுத்தத்தோடு அதுவும் நின்றுபோனது. ஆனால் "பெரிய வருத்தமா? இந்தியாவுக்குக் கொண்டு போங்க" என்ற பேச்சு மட்டும் நிற்கவில்லை. தோட்டத்திலும் சரி, 1977 கலவரத்துக்குப் பின் மன்னார்ப் பக்கம் குடியேறிய நம்ம சொந்தங்களிடமும் சரி, இதே பேச்சுதான். நகையை அடகு வைக்கும் முன் இதை வாசியுங்கள்.

அடையாளம் என்ன?

மாதவிடாய் நின்று ஒரு வருடம் கடந்தபின் ஒரு துளி இரத்தம் பட்டாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும். "வயசானா அப்படித்தான் அக்கா" என்று சொல்லிவிட்டு கொழுந்துக்குப் போகாதீர்கள். எல்லா இரத்தமும் புற்றுநோய் அல்ல. ஆனால் பார்க்காமல் தெரியாது. சுகவனிதையர் கிளினிக்கில் செய்யும் பெப் பரிசோதனை கருப்பைக் கழுத்துக்குரியது. கருப்பையின் உள்ளே வரும் புற்றுநோய்க்கு ஸ்கேன் எடுத்து, சிறு சதை எடுத்தும் பார்ப்பார்கள்.

சிகிச்சை எங்கே?

கருப்பையை எடுக்கும் ஆபரேஷன்தான் முதல் சிகிச்சை. சிலருக்குக் கதிர் சிகிச்சையும் தேவை. 'கரண்ட் பிடிக்கிறது' என்கிறோமே, அதுதான். பெரும்பாலும் வாரத்தில் 5 நாளாக, ஏறக்குறைய 5 வாரம் நடக்கும்.

இவை நம் நாட்டு அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம். மலையகத்தாருக்குக் கண்டியும் மகரகமவும் உண்டு. மன்னார்ச் சொந்தங்கள் பூநகரி, சங்குப்பிட்டிப் பாலம் வழியாக யாழ்ப்பாணம் தெல்லிப்பழைக்குப் போகலாம். 2011இல் தெற்கே தெவுந்தரையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து சேர்த்த பணத்தில் எழுந்த புற்றுநோய்ப் பிரிவு அங்கே 2013இல் திறக்கப்பட்டது.

போகத்தான் வேண்டுமென்றால்?

சென்னை அடையாறில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய நிலையம் போல நல்ல இடங்கள் உண்டு. ஆனாலும் முதலில் இங்குள்ள டாக்டரிடம் கேளுங்கள்:

1. இங்கே கிடைக்காத எந்தச் சிகிச்சைக்காகப் போகிறோம்?
2. எத்தனை வாரம்? துணைக்கு வருபவரின் தங்கும் செலவு, சாப்பாட்டுச் செலவு எவ்வளவு?
3. பாஸ்போர்ட், மருத்துவ விசா எடுக்கும்வரை சிகிச்சை பிந்துமா?
4. திரும்பி வந்தபின் வருடக்கணக்கில் செய்ய வேண்டிய பரிசோதனையை யார் செய்வார்?

சதைப் பரிசோதனை ரிப்போர்ட்டின் பிரதி எப்போதும் உங்கள் கையில் இருக்கட்டும்.

தாய்மார்களே, தூரம் போனால்தான் குணமாகும் என்பதில்லை. நேரத்தோடு போவதுதான் முக்கியம். இன்று சந்தேகம் என்றால், நாளைக்கே டிஸ்பென்சரியில் சொல்லி கிளினிக்குக்குத் துண்டு வாங்குங்கள்.